கோதுமை நுழையாத அறை

தில்லையம்மாளின் தலைமாட்டில் மகள் தீபிகா உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் எதிர்வீட்டு ராஜாமணியம்மாள், ஈ அண்டாமல் விசிறிக்கொண்டிருந்தார். கீரப்பாளையத்துச் சொந்தக்காரப் பெண்கள் சுவர் ஓரமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் தெருவில், சாமியானாவின் கீழ் வாடகை நாற்காலிகளில். அவர்களில் வாசலுக்கு மிக அருகில் இருந்தவர் ராமாமிர்தம். அங்கிருந்து மனைவியின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டியிருப்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. உட்காராமல் இருந்தது அவருடைய அக்கா புஷ்பவள்ளி ஒருத்திதான். வந்ததிலிருந்து ஏதாவது வேலை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பக்கத்து அறையில் சல்லடை தட்டும் சத்தம் கேட்டது.

நான்கு வருடமாகப் புதன்கிழமை தோறும் கேட்டுப் பழகிய சத்தம். ஒரு கணம் ராமாமிர்தத்துக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகுதான் எழுந்து ஓடினார்.

வீட்டை ஒட்டித் தனி வாசலோடு இருந்த அந்த அறைதான் தில்லையம்மாளின் பேக்கரி. சிதம்பரத்தில் பேக்கரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோதுமை, மைதா, ரவை எதையும் வாசல் தாண்ட விடாத பேக்கரி அது ஒன்றுதான். தீபிகாவுக்குக் கோதுமை ஆகாது என்று 2004இல் புதுச்சேரியில் ஒரு டாக்டர் சொன்னார். சப்பாத்தியும் பிஸ்கட்டும் நிறுத்தியாயிற்று. அப்படியும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. எலும்பும் தோலுமாகப் போனாள். வீட்டில் இருக்கிற டப்பாவையெல்லாம் திருப்பித் திருப்பிப் படித்து, ரசத்தில் போடுகிற பெருங்காயத்தில் மைதா கலந்திருப்பதைக் கண்டுபிடித்தவள் தில்லையம்மாள்தான். நல்லது என்று நினைத்து அவளே தினமும் அதைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் ரொட்டி. பச்சரிசி மாவு, கேழ்வரகு மாவு, அவை ஒட்டிக்கொள்ள மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு விற்கிற இசப்கோல். முதலில் வந்த ரொட்டிகளைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்று ராமாமிர்தம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அடிக்கடி இசப்கோல் வாங்க வருகிறாளே என்று மருந்துக் கடைப் பக்கிரி ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, ஒங்க வூட்ல அத்தினி பேருக்குமா கட்டிக்கிச்சு?"

"ரொட்டிக்குண்ணே" என்றாள். அவர் கடைசிவரை நம்பவில்லை. இன்று அந்தப் பக்கிரி கடையைச் சாத்திவிட்டு வந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தார்.

அறைக்குள் புஷ்பவள்ளி ரவை சலித்துக்கொண்டிருந்தாள். மேசை முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. கேஸ் அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

"அக்கா, இன்னா பண்ற நீ?"

"வெளியூருலேர்ந்து வந்தவங்க பச்சத் தண்ணி குடிக்காம கெடக்கறாங்க. பொணத்த வச்சிக்கிட்டு வூட்டு அடுப்ப மூட்டக் கூடாது. இது கடதான, இதுல மூட்டலாம். அதான் ஊருலேர்ந்தே ரவ எடுத்தாந்தேன்."

அவள் முறைப்படிதான் எல்லாம் செய்திருந்தாள். அவர் இங்கே ரவை ஆகாது என்று மட்டும் சொன்னார்.

"ரவதானடா தம்பி. நான் என்னா வெஷமா எடுத்தாந்தேன்? செத்த வூட்டுல சட்டம் பேசிக்கிட்டு நிக்கற."

தீபிகா எழுந்து வந்து கதவோரம் நின்றாள். அழுது வீங்கிய முகம். உள்ளே பார்த்தாள். தாவணி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடமே திரும்பிப் போனாள்.

அந்த நேரத்தில்தான் கடலூர் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து பூவம்மாள் வந்து இறங்கினாள். இடுப்பில் ஆறு வயது மகள் சினேகா. தீபிகாவுக்குக் கோதுமை வயிற்றைக் கெடுக்கும்; சினேகாவுக்கு மூச்சையே அடைக்கும். பிஸ்கட் தூள் பட்ட கையால் யாரோ கன்னத்தைத் தடவியதற்கே ஒரு முறை கடலூர் பெரியாஸ்பத்திரியில் கிடந்தவள். வியாழக்கிழமை பஸ்ஸில் போகும் ரொட்டிதான் அவளுக்கு ஒரு வாரத்துக்கு.

ராமாமிர்தம் வாசலுக்கு ஓடி வந்து கையைக் குறுக்கே நீட்டினார். "வராதம்மா. உள்ள ரவ பறக்குது."

பூவம்மாள் எதற்கு, ஏன் என்று கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போய் நின்றாள். வெயில். ரொட்டி அக்காவைப் பார்க்கணும் என்று பிள்ளை சிணுங்கியது. பூவம்மாள் அங்கிருந்தபடியே கண்ணீர் விட்டாள்.

சல்லடையும் கையுமாகப் புஷ்பவள்ளி வாசலுக்கு வந்தாள். "அந்தப் பொண்ணு ஏன் அங்கியே நிக்குது? வந்து மூஞ்சப் பாக்கச் சொல்லு."

"ஒன் கையில இருக்கறத பாத்துதான் நிக்குதுக்கா" என்றார் ராமாமிர்தம். பிறகு மெதுவாக, பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதைச் சொன்னார்.

புஷ்பவள்ளி சல்லடையைப் பார்த்தாள். தெருவில் நின்ற பிள்ளையைப் பார்த்தாள். அடுப்பை அணைத்து, ரவையைத் துணியோடு சுருட்டிப் பையில் கட்டி, தெருக்கோடிக் குப்பையில் கொண்டுபோய்ப் போட்டாள். சல்லடையும் அதோடு போனது. அறைக் கதவைச் சாத்தி இடுக்கில் ஈரத்துணி அடைத்தாள். பின்பக்கக் குழாயடிக்குப் போய்க் கட்டிய சேலையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரம் சொட்டச் சொட்டத் தெருவைக் கடந்து போனவள், பிள்ளையைத் தொடாமல் பூவம்மாளின் எதிரே நின்றாள்.

"வாம்மா. இப்ப வா."

பூவம்மாள் மகளைத் தில்லையம்மாளின் முகத்துக்கு நேரே குனிந்து காட்டினாள். "இவ மொதமொத பொறந்தநாளு கேக்கு வெட்டுனது இந்த அக்கா செஞ்சு குடுத்துதான். நாலு வீட்டுப் புள்ளைவோ மாதிரி" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். தீபிகா அப்போதுதான் சத்தம் போட்டு அழுதாள்.

பிள்ளைகளில் ஆண் இல்லாததால் ராமாமிர்தமே கொள்ளி வைத்தார். திரும்பி வந்தபோது சாயங்காலம். பிணம் போன வீட்டைக் கழுவி விடுவது வழக்கம்தான். வாசல் ஈரமாக இருந்ததில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் பேக்கரி அறையின் மேசை தெருவில் கிடந்தது. தட்டுகள், அச்சுகள், மரக்கரண்டி எல்லாம் அதன் மேல் கவிழ்த்துக் காய்ந்தன. உள்ளே புஷ்பவள்ளி மண்டியிட்டு அடுப்புக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவையாம், ராஜாமணியம்மாள் சொன்னார். முதல் இரண்டு தடவை தீபிகா மூலைமூலையாகக் காட்டினாளாம், இந்தத் தடவை காட்ட ஒன்றும் இல்லையாம்.

ராமாமிர்தம் கால் கழுவிவிட்டு விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார். அறை வாசலில் சற்று நேரம் நின்றார். அக்கா நிமிரவில்லை.

சோறும் ரசமும் ராஜாமணியம்மாள் வீட்டில் ஆக்கி வந்தது. தட்டின் முன்னால் உட்கார்ந்த தீபிகா நிமிர்ந்து பார்த்தாள்.

"பெருங்காயம் போடல. சாப்புடு கண்ணு" என்றார் அந்த அம்மாள்.

கருமாதி முடிகிறவரை பேக்கரியைத் திறக்க வேண்டாம் என்று சொந்தத்தில் யாரோ பேச்செடுத்தார்கள். புஷ்பவள்ளி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அதுவரிக்கும் அந்தப் புள்ள என்னாத்த திங்கும்?" பேச்சு அதோடு நின்றது. அடுத்த வியாழக்கிழமைக்குப் போட்டுவிடலாம் என்று தீபிகா அப்பாவிடம் சொன்னாள்.

எதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது எழுத்தில்தான் போக வேண்டும் என்பது தில்லையம்மாள் வைத்த ஒழுங்கு. போனில் சொன்னால் பாதிதான் காதில் விழும் என்பாள். ஒவ்வொரு ரொட்டிக் கட்டோடும் போகும் சீட்டை எழுதியவர் ராமாமிர்தம். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் அவர். இப்போதும் தாளை எடுத்து, தேதி போட்டு, ஓரம் விட்டு, ரொட்டி வாங்குகிற எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதினார்.

'எங்கள் ரொட்டி அறைக்குள் இன்று காலை கோதுமை ரவை வந்துவிட்டது. அறையையும் பாத்திரங்களையும் மும்முறை கழுவியிருக்கிறோம். சல்லடை புதிது வாங்க வேண்டும். ஆகவே இந்த வாரம் ரொட்டி வராது. அடுத்த வியாழன் வரும். தில்லையம்மாள் இன்று விடியற்காலை காலமானாள். இனி மாவு சலிப்பது தீபிகா. இத்தனை நாள் எங்களை நம்பிச் சாப்பிட்டதற்கு நன்றி.'

லால்பேட்டைக்கும் மற்ற ஊர்களுக்கும் போகவேண்டியவற்றைக் காலையில் தபாலில் சேர்க்கத் தனியாக வைத்தார். கடலூர்க் கடிதங்களைத் தானே கொடுத்துவிடுவதாகப் பூவம்மாள் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் எழுந்தபோது ஒரு உறை மட்டும் ஒட்டாமல் இருந்தது. கடையில் விற்கும் பசை மைதாவில் காய்ச்சுவது. அது இந்த வீட்டில் கிடையாது. அவர் சோற்றுத் தட்டிலிருந்து நான்கு பருக்கை எடுத்து உறையின் விளிம்பில் வைத்தார்.

"நான் ஒட்டறேன்" என்றாள் சினேகா.

கட்டைவிரலால் ஓரம் முழுக்க நசுக்கி அழுத்தினாள். விரலில் ஒட்டியிருந்த சோற்றை நக்கினாள். யாரும் தடுக்கவில்லை. பூவம்மாள் கடிதங்களைக் கூடையில் வைத்து, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.