சின்ன டம்ளர்

அக்ஷதாவின் கட்டுரையில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த டம்ளர்தான். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு. கம்ப்யூட்டர் அறையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு மணிக்காகக் காத்திருந்தார்கள். வகுப்பு பிளாகுக்கு அவர்கள் அனுப்பியிருந்த கட்டுரைகளை நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 'எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை' என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தேன். நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் பிரியாணி தின்றுவிட்டு மாலுக்குப் போயிருந்தார்கள். அக்ஷதா எழுதியிருந்தது இது:

"ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா பால்கனியில் நிற்பாள். அங்கே நின்று யோசி என்று அப்பா கதவைச் சாத்துவார். தாழ்ப்பாள் எங்கள் பக்கம் இருக்கிறது. அப்பா சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு திறப்பார். நான் ஜன்னல் கம்பி வழியாகத் தண்ணீர் கொடுப்பேன். பெரிய டம்ளர் கம்பிக்குள் நுழையாது. அதனால் சின்ன டம்ளரில் நான்கு தடவை கொடுப்பேன்."

சொல்லவே கூசுகிறது, படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பசுவைப் பற்றியும் என் லட்சியத்தைப் பற்றியும் ஒரே கட்டுரையைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போனவள் நான். கோடை விடுமுறையில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகள் டீச்சருக்காக எழுதினால் பொய் எழுதுவார்கள், பிளாகில் நாலு பேர் படிக்கிறார்கள் என்று தெரிந்தால் தங்கள் சொந்த விஷயத்தை எழுதுவார்கள் என்று அங்கே சொன்னார்கள். இதோ, எழுதிவிட்டாள். "அந்தச் சின்ன டம்ளர் அருமை. இப்படித்தான் உற்றுப் பார்த்து எழுத வேண்டும்" என்று கீழே குறிப்புப் போட்டேன். ஸ்டார் கொடுத்தேன். ஸ்டார் வாங்கிய கட்டுரை எல்லாப் பெற்றோருக்கும் மெயிலில் தானாகவே போய்விடும். அப்படி அமைத்து வைத்ததும் நான்தான். பட்டனை அழுத்தினேன், மணி அடித்தது, ஆட்டோ பிடித்துத் திருமுல்கேரிக்கு வீடு போய்ச் சேர்ந்தேன்.

திங்கட்கிழமை காலை அவள் அப்பா இராமச்சந்திரன் பிரின்சிபால் அறையில் உட்கார்ந்திருந்தார். ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலை, கோயம்புத்தூரிலிருந்து செகந்திராபாத் வந்து ஆறு வருடம். கத்துவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். எழுந்து நின்று கும்பிட்டார்.

"கொழந்தைக்குக் கற்பனை ஜாஸ்திங்க மேடம். நல்லா எழுதறா, சந்தோஷம். ஆனா எங்க அபார்ட்மென்ட்லயே நாலு பேர் படிச்சிருக்காங்க. இது கதைதான்னு அவளே ஒரு வரி எழுதிப் போட்டுட்டா முடிஞ்சுது பாருங்க."

அவர் போன பிறகு ஜெனிட்டா கதவைச் சாத்தினாள். அவள் எனக்குப் பிரின்சிபால்தான், ஆனால் இரண்டு பேரும் ஒரே சர்ச், மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத். தனியாக இருந்தால் இந்த ஊர் உருது கலந்த எங்கள் தமிழ்தான் வரும்; 'கைக்கு' என்றால் எதற்கு, 'நக்கோ' என்றால் வேண்டாம்.

"உனக்குக் கைக்கு இந்த வேலை லோயிஸ்? பாடத்த நடத்துனமா, போனமான்னு இரு. வீட்டு விஷயம் நமக்கு நக்கோ."

"அது நெசமா இருந்தா?"

"நெசம்னு தெரிஞ்சா போட்ட?"

 நிஜமா, பொய்யா என்று நான் யோசிக்கவே இல்லை. எழுத்தைத்தான் பார்த்தேன். சிவப்புப் பேனா பிடித்துப் பிடித்து அப்படி ஒரு கண் எனக்கு வந்துவிட்டது.

மதியம் அக்ஷதாவை கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போனேன். பதிமூன்று வயது, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. நான் சொல்வதற்கு முன்பே கீ போர்டை இழுத்துக்கொண்டாள். வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

"அக்ஷதா, நீ எழுதினது நடந்ததா?"

திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க ரீட் பண்ணீங்கல்ல மிஸ்? ஸ்டார் குடுத்தீங்கல்ல?"

"குடுத்தேன்."

"ஸோ யூ நியூ, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க ஏதாச்சும் பண்ணுவீங்கன்னு நெனச்சேன்."

 அவள் எழுதியது எனக்கு வந்த கடிதம். நான் அதற்கு மார்க் போட்டு ஊருக்கே அனுப்பி வைத்திருக்கிறேன். 'இது நானே கற்பனை செய்த கதை' என்று அவள் ஒரே வரியில் தட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்த வயதில் வேறு ஸ்கூலில் யார் வேலை கொடுப்பார்கள் என்ற யோசனையும் எனக்கு இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

அந்த வாரத் தலைப்பை ஜெனிட்டாவே கொடுத்தாள், வம்பில்லாத தலைப்பாக: 'எங்கள் வீட்டில் புதிதாக வந்த பொருள்'. ஃபிரிட்ஜ் வந்திருந்தது, டி.வி. வந்திருந்தது, ஒரு வீட்டில் நாய்க்குட்டி. அக்ஷதா நான்கு வரி எழுதியிருந்தாள். "எங்கள் வீட்டில் புறா வலை அடித்திருக்கிறோம். பால்கனிக்கும் ஜன்னலுக்கும் சேர்த்து அப்பா ஆள் வைத்து அடித்தார். இனிமேல் எதுவும் உள்ளே வராது, வெளியே போகாது. வீடு சுத்தமாக இருக்கிறது." டம்ளர் இல்லை. இந்தத் தடவை நான் அதைத் தேடினேன். கட்டுரையை வெளியிடாமல் அப்படியே விட்டுவிட்டு, அட்மிஷன் ரிஜிஸ்டரில் அவள் விலாசத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் சைனிக்புரிக்கு ஆட்டோ ஏறினேன். ஏப்ரல் வெயில், மணி ஒன்றரை. அக்ஷதாவின் அபார்ட்மென்டுக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். தெருவில் நடமாட்டம் இல்லை. இரண்டாவது மாடி பால்கனியில் புத்தம் புதிய பச்சை வலை. அதற்குப் பின்னால் அவள் அம்மா சுபாஸ்ரீ நின்றுகொண்டிருந்தார். ஜூலையில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது பார்த்த அதே முகம். அன்றைக்கு நான் கேட்டதற்கெல்லாம் கணவர்தான் பதில் சொன்னார். பக்கத்து ஜன்னலிலும் வலை இருந்தது. விரல் நுழையலாம், சின்ன டம்ளர்கூட நுழையாது.

என் கைப்பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. இரண்டாவது மாடிக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? போனை எடுத்தேன். இரண்டு நாளாக எழுதி வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருந்த பெண்கள் உதவி எண்ணை அழுத்தினேன். மணி போய்க்கொண்டிருக்கும்போதே சுபாஸ்ரீ என்னைப் பார்த்துவிட்டார். அடையாளம் தெரிந்தது போலிருந்தது. ஒருமுறை திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு கையை வலையோடு சேர்த்து வைத்து, விரல்களை மட்டும் அசைத்தார். போய்விடு, போய்விடு என்று.

ஜன்னலுக்குள் அக்ஷதாவின் தலை தெரிந்தது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செப்பண்டி மேடம்," என்றது போனில் ஒரு பெண் குரல். சொல்லுங்கள் என்று. மறுபடியும், இன்னும் மெதுவாக, "செப்பண்டி."

மேலே அந்த விரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.