அறுபத்தைந்தில் ஒரு நடுக்கம்

அறுபதைத் தாண்டியதும் வண்டி நடுங்கத் தொடங்கியது. முதலில் கியர் கம்பு, பிறகு இருக்கை, பிறகு கண்ணாடியில் தெரிந்த சாலை. ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கை அசையவில்லை. எண்பதைத் தொட்டதும் நடுக்கம் அடங்கியது, அறுபத்தைந்துக்கு இறங்கினால் மறுபடி வந்தது. வண்டியில் அப்படி ஒன்றும் இல்லை என்று இரண்டு மாதமாகச் சாதித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

வண்டி என் தங்கை வீட்டுக்காரருடையது. பழைய பிக்கப், நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். மலைமேல் செல்போன் கோபுரம் கட்டுகிறவர்களை ஏற்றி இறக்க வாங்கியது. மாப்பிள்ளை பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவர். போன வருஷம் ஒரு லாரி பக்கவாட்டில் வந்து மோதியதில் இடது மணிக்கட்டுக்குள் தகடு வைத்தார்கள். நாலைந்து மாதம் அவருக்கு நிஜமாகவே கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதெல்லாம் சரியாகி, மனசைத் தேற்றிக்கொண்டு, இந்த வண்டியை வாங்கி ஓட்ட ஆரம்பித்த முதல் வாரமே வந்து, அறுபதுக்கு மேல் நடுங்குகிறது மச்சான் என்றார்.

நான் எடுத்துக்கொண்டு போனேன். எங்கே? என் மெக்கானிக் பட்டறையைச் சுற்றியுள்ள நாலு தெருவில். ஏழு வேகத்தடை, ஐம்பதைக்கூடத் தொடவில்லை. திரும்பி வந்து, வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் இருக்கும்போது, "நடுங்கறது வண்டி இல்ல மாப்ள, உங்க கை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என் வாய் அதோடு நின்றதா? கிளம்பும்போது தங்கையை அடுக்களைக்குக் கூப்பிட்டு, பிறந்து பத்து நாள் ஆன பிள்ளையை அவர் நிற்கும்போது கையில் கொடுக்காதே என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு நான் சொன்னால் வேதவாக்கு. அன்றிலிருந்து அவரை உட்காரவைத்து, பிள்ளைக்கு அடியில் தன் கையையும் கொடுத்துத்தான் மடியில் வைப்பாள். கொஞ்ச நாளில் அவர் பிள்ளையைக் கேட்பதையே விட்டுவிட்டார். நேற்று பட்டறைக்கு வந்து, வண்டியை விற்றுவிடலாம், இனிமேல் ஓட்டுவதாக இல்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இன்று நாலு மணிக்கு ஆள் பார்க்க வருகிறது. வருகிறவன் குறை சொல்லக்கூடாதே என்றுதான் முதல் தடவையாக நான் இதைப் புறவழிச்சாலைக்கு ஓட்டி வந்திருந்தேன்.

மணி பதினொன்று. அறுபத்தைந்தில் கியரை நடுவில் தள்ளி, எஞ்சினை முனகவிட்டு வண்டியைத் தானாக உருளவிட்டேன். நடுக்கம் போகவில்லை. அப்படியென்றால் எஞ்சின் இல்லை. டயர் என்று நினைத்தேன், டயராக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் உண்மை. டயர்க்கடைக்காரனிடம் போய், நீ பேலன்ஸ் பார்த்த லட்சணம் இதுதானா என்று கத்தினேன். அவன் நாலு சக்கரத்தையும் கழற்றி ஒவ்வொன்றாகப் பேலன்ஸ் மிஷினில் சுற்றிக் காட்டினான். முள் அசையவில்லை. போய் உன் வேலையைப் பாருய்யா என்றான்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் ஒரு வசதி உண்டு. பட்டறைக்கு வந்து வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினின் இழுவையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்டைக் கழற்றி வைத்தேன். நாலு சக்கர கியரைப் போட்டால் இப்போது முன் சக்கரம் மட்டும் இழுக்கும். அப்படியே மறுபடி புறவழிச்சாலை. அறுபது, அறுபத்தைந்து, எழுபது. சத்தமே இல்லை. கண்ணாடியில் பின்னால் வந்த பேருந்தின் எண்ணைப் படிக்க முடிந்தது. இரண்டு மாதமாக அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று அந்த எண்ணைப் படித்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது.

பட்டறைத் தரையில் கிடந்த ஷாஃப்டை டீசல் துணியால் துடைத்தேன். அது இரண்டு துண்டு, பல் பல்லாக ஒன்றுக்குள் ஒன்று நுழைவது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு கவை. இரண்டு கவையும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். பல் தள்ளிச் சொருகினாலும் மறுக்காமல் உள்ளே போய்விடும், ஓட்டும்போதுதான் நடுங்கி வேலையைக் காட்டும். அதனால் பிரிப்பதற்கு முன் இரண்டு துண்டுக்கும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு இழுத்துவிடுவது என் வழக்கம். அழுக்குக்கு அடியில் கோடு இருந்தது. என் கோடுதான். மேல் துண்டின் கோடும் கீழ்த் துண்டின் கோடும் இரண்டு பல் தள்ளி நின்றன.

வாங்கின வாரம் அதன் கவைக்குள் தேய்ந்திருந்த கிராஸ் என்கிற சிலுவைத் துண்டை மாற்றியது நான். மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தங்கைக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று போன் வந்தது. மாமனாகிவிட்ட தலைகால் புரியாத சந்தோஷத்தில் சொருகி, போல்ட்டை முடுக்கிவிட்டு ஓடினேன். கையைக்கூடக் கழுவவில்லை.

மணி மூன்று. சரியாக மாட்டப் பத்து நிமிஷம் போதும். கோட்டைத் துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. டயர்தான் என்று சொல்லிவிடலாம், டயர்க்கடைக்காரனா வந்து சாட்சி சொல்லப்போகிறான்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், துணியைக் கையில் எடுத்துவிட்டேன். வாசலில் நிழல் விழுந்தது. மாப்பிள்ளை ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். வண்டி ஸ்டாண்டில் நிற்பதையும் தரையில் ஷாஃப்ட் கிடப்பதையும் பார்த்தார். மெல்லக் குந்தி உட்கார்ந்து மஞ்சள் கோட்டின் மேல் விரலை வைத்தார். பதினைந்து வருஷ ஓட்டுநருக்கு அதற்கு மேல் விளக்கவேண்டியதில்லை.

"எத்தனை பல்லு?" என்றார்.

"ரெண்டு. நான் மாட்டினது மாப்ள. தப்பு என்னோடது."

அவர் கோட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது. மனிதர் திட்டவில்லை.

"ரெண்டு மாசமா டம்ளர்ல பாதிதான் ஊத்தச் சொல்றேன் மச்சான். சிந்தி யாராச்சும் பாத்துடக் கூடாதுன்னு. எம் பொண்ணு அழுதா எழுந்து வெளிய போயிடுவேன். ரெண்டு பல்லு."

கீழே கிடந்த ஸ்பானரை எடுத்தார். என்மேல் வீசப்போகிறார் என்றே நினைத்தேன், வீசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மல்லாந்து வண்டிக்கு அடியில் போய்க் கையை மட்டும் வெளியே நீட்டினார். நான் கோட்டைக் கோட்டோடு சேர்த்துச் சொருகி ஷாஃப்டைக் கொடுத்தேன். போல்ட்டுகளை அவரே முடுக்கினார்.

அவர்தான் ஓட்டினார். நான் பக்கத்தில். அறுபத்தைந்தில் ஒன்றுமில்லை, எழுபதில் ஒன்றுமில்லை. திரும்ப இறங்கி அறுபத்தைந்திலேயே ரொம்பத் தூரம் வைத்திருந்தார். வண்டி வாங்க வருகிறவனிடமிருந்து வந்த போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"இப்ப என் கையைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். ஸ்டியரிங்கை அவர் பிடித்திருந்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அந்தப் பிடியில் நடுங்குகிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. தெரியல மாப்ள என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன் என நினைக்கிறேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த திருப்பத்தில் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

எஞ்சினை நிறுத்தாமலே இறங்கினார். தங்கை பிள்ளையோடு வாசலில் நின்றிருந்தாள். அவர் படியேறவில்லை, உட்கார இடம் தேடவில்லை. நின்றபடியே இரண்டு கைகளையும் நீட்டினார்.

வண்டிக்குள் இருந்த எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. தங்கை அவர் முகத்தைப் பார்த்தாள், நீட்டிய கைகளைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டு, அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.