பிடியரிசிப் பை

ஞாயிறு ஆராதனை முடிந்து சபை ஜனம் பெங்களூர் சிவாஜிநகர்ச் சந்துகளில் கலைந்துகொண்டிருந்த வேளை. காலமான ஜெயராஜின் வீட்டு வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. வண்டியில் ஒரு மூட்டை அரிசி. கூடவே சபைக் கமிட்டிச் செயலாளர் டெஸ்மண்ட். பின்னாலேயே பாதித் தெரு.

யூனிஸ் டீச்சர் வாசற்படியை விட்டு நகரவில்லை. அவள் ஜெயராஜின் அக்கா. கல்யாணம் கட்டாமல், ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்ந்தவள். அன்று காலை போதகர் பிரசங்க மேடையிலிருந்தே சொல்லிவிட்டார்: நம் சகோதரருடைய விதவையும் மூன்று பிள்ளைகளும் கஷ்டப்படுகிறார்கள், சபை அவர்களைத் தாங்க வேண்டும் என்று. நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த யூனிஸுக்கு முதுகில் சாட்டை விழுந்தாற்போல் இருந்தது.

"இது வேண்டாம், டெஸ்மண்ட். திருப்பி எடுத்துட்டுப் போ."

"டீச்சர், அவர் ஊருக்குச் சேர்த்த அரிசிதானே? அவர் பிள்ளைங்களுக்கு இல்லாததா?"

"சேர்த்தது கொடுக்கிறதுக்கு. எங்க அப்பா காலத்திலேருந்து இந்த வாசல்ல தர்மம்னு ஒரு மணி இறங்கினதில்ல. இப்ப ஊர்வலமா வேற கொண்டுவந்து இறக்கணுமா?"

டெஸ்மண்ட் தலையைக் குனிந்துகொண்டான். வண்டி திரும்பியது. தெருவும் மெல்லக் கலைந்தது.

உள்ளே அடுப்படியில் ஜெயராஜின் மனைவி நோரா கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தாள். பருக்கையைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஜெயராஜ் குமாஸ்தாவாக இருந்த மிலிட்டரி ஸ்டோரிலிருந்து குடும்பப் பென்ஷன் இன்னும் வந்து சேரவில்லை. யூனிஸின் பென்ஷன் இரண்டு அடுப்புக்கு எட்டவில்லை.

"பெரியவன் ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறான், அண்ணி," என்றாள் நோரா, திரும்பாமலே. "ஒர்க்‌ஷாப்ல சேர்ந்துக்கிறேங்கிறான்."

யூனிஸ் நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ச் சுவரில் ஆணியில் ஜெயராஜின் பை தொங்கியது. மெத்தைத் துணியில் நோரா தைத்துக் கொடுத்த நீலக்கோடு போட்ட பை.

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்து வைப்பது சபைப் பெண்களின் பழைய வழக்கம். சுதந்திரம் வந்த வருஷம், ரேஷன் கடை வாசலில் ஜனம் வாடி நின்ற காலத்தில், போதகரைக் கேட்டுக்கொண்டு ஜெயராஜ் இந்தப் பையைத் தோளில் மாட்டினான். சனிக்கிழமைதோறும் வீடு வீடாகப் போய்ப் பிடியரிசி சேர்த்து, பசித்தவர்களுக்குக் கொடுத்தான். சபைக் கோவில் வாசலை மிதிக்காத லட்சுமம்மாகூட அவனுக்கென்று ஒரு டப்பா வைத்திருந்தாள். எத்தனை சந்து சுற்றினாலும் சாயங்கால ஜெபத்துக்கு வீட்டில் இருப்பான். சின்னவளை மடியில் போட்டுக்கொண்டுதான் வேதம் வாசிப்பான். நோராவின் மூன்று பிரசவத்துக்கும் பத்தியச் சோறு பொங்கிப் போட்டவனும் அவன்தான். அவனை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. இத்தனை பேருக்கு இவன் அப்படி என்ன செய்தான் என்று யூனிஸுக்கே அன்று விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் அந்தப் பையை ஆணியிலிருந்து எடுத்தாள். ஜெயராஜோடு பையும் போச்சு என்று ஒருத்தர் வாயில் வரக்கூடாது. அந்த ஒரே வீறாப்புதான் அவளைத் தெருவில் இறக்கியது.

முதலில் லட்சுமம்மா வீடு. வாசலிலேயே பையை விரித்து நின்றவளை லட்சுமம்மா விடவில்லை.

"உள்ளே வாங்க டீச்சரம்மா. ஜெயராஜப்பா உள்ளே வந்து, கதவைச் சாத்தி, தண்ணி குடிச்சிட்டுத்தான் கிளம்புவாரு."

"எனக்கு இன்னும் பத்து வீடு இருக்கு."

"அவருக்கு மட்டும் இல்லாமலா இருந்துச்சு? எல்லா வீட்லயும் அப்படித்தான் உக்காருவாரு."

உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். இது என்ன பழக்கம் என்று எரிச்சல்பட்டுக்கொண்டேதான் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். பை கனத்தது.

சந்துக் கோடியில் அலெக்சாண்டர் வீடு. ஒரு காலத்தில் பாண்டு வாத்தியம் வாசித்தவர். வீட்டுக்குள்ளும் கோட்டுப் பொத்தானைக் கழற்றாத மனிதர். யூனிஸ் பையை விரித்தாள். அவர் ஒன்றும் போடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஒரு காலிப் பீங்கான் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க தம்பி ஒண்ணும் கேட்க மாட்டாரு," என்றார்.

யூனிஸுக்கு அப்போதுதான் புரிந்தது. சனிக்கிழமை சனிக்கிழமை இந்த வீட்டுக்குள் ஜெயராஜ் நுழைந்து வருவதை அவளே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கிழவர் தன் பங்கைப் போடுகிறார் என்றுதான் நினைத்திருந்தாள். தெருவும் அப்படித்தான் நினைத்தது. எல்லா வீட்டுக்குள்ளும் போய், எல்லா வீட்டிலும் ஒரே அளவு நேரம் உட்கார்ந்து வந்தால், கொடுத்த வீடு எது, வாங்கின வீடு எது என்று யாருக்குத் தெரியும்?

அவள் பைக்குள் கையை விட்டாள். உள்ளங்கையில் வந்தது கலப்பரிசி. புழுங்கல், பச்சை, சிவப்பு, நொய் என்று பல அடுப்பின் அரிசி.

அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது.

டைஃபாய்டில் விழுந்து சம்பளமில்லாத லீவில் கிடந்த வருஷம், அவள் வீட்டுப் பானையில் இருந்தது இந்த அரிசிதான். ஒன்று வெந்தால் ஒன்று வேகாது. எந்தக் கடையில் இதை வாங்கினாய் என்று தம்பியைத் திட்டியிருக்கிறாள். ரேஷன் அரிசி அப்படித்தான் இருக்கும் அக்கா என்று சிரித்தான் அவன். அந்த வருஷமும் வாரம் தவறாமல் தன் பிடியை எடுத்துவைத்து அவனிடம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் தலை குனியாமல் தெருவில் நடந்தாள். நடக்கவிட்டவன் அவன்.

கிழவரின் கிண்ணத்தை நிரப்பி, அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள்.

கடைசியில் தம்பி வீடு. தெருவில் டெஸ்மண்ட் யாரோடோ பேசிக்கொண்டு நின்றான். யூனிஸ் அவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நோரா ஒரு டப்பாவோடு வந்தாள். கஞ்சிக்கே இழுபறியான வீட்டில், இத்தனை நாளும் பிடி எடுத்து வைத்திருக்கிறாள். அதைப் பைக்குள் கொட்டினாள். யூனிஸ் தடுக்கவில்லை. கொட்டி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், அரிசிப் பானையின் மூடியைத் திறந்து சரித்தாள்.

"அண்ணி..."

"பெரியவனைத் திங்கக்கிழமை ஸ்கூலுக்கு அனுப்பு."

நோரா பானைக்குள் கையை விட்டு அரிசியை அளைந்தாள். அவள் கண்ணீர் அதிலேயே சொட்டியது. யூனிஸ் பையைச் சுருட்டிக் கிளம்பத் திரும்பியபோது நோரா அவள் முந்தானையைப் பிடித்தாள்.

"அதுக்குள்ள போகாதீங்க, அண்ணி. மத்த வீட்ல அவர் உக்கார்ற அளவு நேரம் ஆகல்ல."

யூனிஸ் உட்கார்ந்தாள். நோரா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பையை நடுவில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும், அவன் வழக்கமாக எழுந்துகொள்ளும் நேரம் வரை, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.