பேனருக்குக் கீழே ஒரு மாத்திரை

எண்ணூர் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி உறுமுகிற இடத்தில்தான் கன்னியம்மாவின் இட்லிக் கடை. கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, ஓர் இட்லிக் குண்டான், வடகறிக்கு ஓர் அலுமினியச் சட்டி, அவ்வளவுதான். முன்பெல்லாம் முன்னால் நிற்கும் லாரி ஒரு முழம் நகர்வதற்குள் ஓர் ஈடு இட்லி காலியாகிவிடும். இப்போது வெயில் சுள்ளென்று ஏறியும் முதல் ஈடே மூடி திறக்காமல் கிடந்தது.

எதிர்ச்சாரியில் புதிதாக முளைத்த கடையில் லோடுமேன் அம்புரோஸ், மின்கம்பத்துக்குப் பின்னால் உடம்பை ஒளித்துக்கொண்டு இட்லி விழுங்கிக்கொண்டிருந்தான். கம்பம் ஒல்லி, அம்புரோஸ் பருமன்.

"இன்னா அம்புரோஸு, கம்பத்த கட்டிப் புடிச்சிக்கினு கீறே? கரண்டு வருதா?" என்று கன்னியம்மா குரல் கொடுத்தாள்.

"இல்லக்கா... வூட்லயே நாஸ்தா ஆயிடுச்சு" என்றான் அவன், வாய் நிறைய இட்லியோடு.

கன்னியம்மாவின் வியாபாரத்தில் இப்படி மண்ணைப் போட்டவர் எதிரி அல்லர், ஒரு கொடைவள்ளல். சமூகச் செம்மல், ஏழைகளின் ஏணி, வடசென்னையின் விடிவெள்ளி கிருஷ்ணப்பன். இந்தப் பட்டங்களை எல்லாம் அவருக்கு வழங்கியது யார் என்று பேட்டையில் ஒருவருக்கும் தெரியாது. பேனர் அச்சடிக்கும் கடைக்காரரைக் கேட்டால் ஒருவேளை சொல்வார்.

கன்னியம்மாவின் புருஷன் வேலப்பன் டிரெய்லர் லாரி ஓட்டியவன். உடம்பு உருகி அவன் போய்ச் சேர்ந்தபோதுதான் அது எச்.ஐ.வி. என்றும், அவளுக்கும் அது இருக்கிறது என்றும் தெரியவந்தது. விதவை உதவித்தொகைக்குச் சிபாரிசு கேட்கப் போன இடத்தில், "இன்னா நோவுல பூட்டான்?" என்று கிருஷ்ணப்பன் உருக்கமாகக் கேட்டார். அந்த உருக்கத்தை நம்பி அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"யாராண்டயும் சொல்லிடாத தலீவரே. சோத்துல மண்ணு வுழுந்துரும்."

"நம்ம வாயிலேர்ந்து ஒரு வார்த்த வராது தாயி" என்றார் செம்மல்.

வாக்குத் தவறவே இல்லை. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. டிசம்பர் மாதம் எய்ட்ஸ் விழிப்புணர்வு விழா என்று மேடை போட்டு, தெருமுனையில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு பிளெக்ஸ் பேனரில் அச்சடித்தே விட்டார்: "எய்ட்ஸ் நோயாளி கன்னியம்மாவுக்கு கிரைண்டர் வழங்கும் கருணைக் கடலே, வருக!" கடலின் முகம் யானை அளவில் சிரித்தது. கன்னியம்மாவின் முகம் மூலையில் தபால்தலை அளவில் இருந்தது. மனுவோடு அவள் கொடுத்த போட்டோதான் அது. பேர் மட்டும் நன்றாகப் பெரிய எழுத்து. இப்படியாக மாவரைக்க கிரைண்டர் வந்தது, இட்லி தின்ன ஆள் வரவில்லை.

விழா முடிந்த மறுநாளே கன்னியம்மா அரிவாள்மனையோடு போய் அந்தப் பேனரை அறுத்து எடுத்துவந்தாள். எரிக்கத்தான் எடுத்தாள். ஆனால் குடிசைக் கூரை ஒழுகியது, பிளெக்ஸோ மழை தாங்கும். படம் உள்பக்கம் பார்க்கும்படி கூரைக்கு அடியில் இழுத்துக் கட்டிவிட்டாள். அன்று முதல் அவள் படுத்தால் தலைக்கு மேலே கிருஷ்ணப்பன் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு மாத்திரை மாறியது. முன்பு காலையும் மாலையும் போட்டுவந்த மாத்திரையில் பாதம் இரண்டும் நெருப்பை மிதித்ததுபோல் எரிந்தன. தண்டையார்பேட்டையில் ஓர் அறக்கட்டளை நடத்திய கிளினிக்கில், சிறுநீரகம், ஈரல், ரத்தம் எல்லாவற்றையும் பரிசோதித்துப் பார்த்தபிறகு, அப்போது புதிதாக வந்திருந்த மாத்திரைக்கு டாக்டர் மாற்றினார். மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்த ஒற்றை மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்று. ஆலோசகர் ராமசெல்வி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினாள்.

"ராத்திரி படுக்கப் போறப்ப போடுங்கக்கா. எண்ணெய்ப் பதார்த்தம் வயிறு முட்டத் தின்னுட்டுப் போடாதீங்க. மொதல்ல கொஞ்ச நாள் தல சுத்தும், கனவு தாறுமாறா வரும். பயந்துகிட்டு நீங்களா நிறுத்திரக் கூடாது, எங்ககிட்ட வாங்க. விட்டு விட்டுப் போட்டா கிருமி மருந்துக்குப் பழகிரும், அப்புறம் மருந்து கேக்காது."

"கனவுல இன்னா வரும்?"

"எது வேணும்னாலும் வரும்."

வந்தது. முதல் கனவில் கிருஷ்ணப்பனை டிரெய்லர் லாரியின் பின்னால் கட்டி எண்ணூர் வரைக்கும் இழுத்துப் போனாள். இன்னொன்றில் அவர் கொடுத்த கிரைண்டரிலேயே அவரைப் போட்டு, நடுநடுவே தண்ணீர் தெளித்து, நைசாக அரைத்தாள். மற்ற நோயாளிகள் கனவு தொல்லை என்று புலம்பியபோது கன்னியம்மா மட்டும் ஒரு தடவைகூடப் புலம்பவில்லை.

தினமும் மாத்திரையை நாக்கில் வைத்து, கூரையில் சிரிக்கும் முகத்தைப் பார்த்து ஒரே வாக்கியம் சொல்லுவாள்: "ஒன்ன விட ஒரு நாளு ஜாஸ்தி இருப்பேன்டா பேமானி." பிறகுதான் தண்ணீர். சாமி படத்துக்கு விளக்கேற்ற மறந்த நாள் உண்டு, இதை மறந்த நாள் இல்லை. "ஒரு வேளகூட விடாம எப்படிக்கா போடுறீங்க?" என்று ராமசெல்வி வியந்தபோது, "ஒரு ஆளு மேல வைராக்கியம்" என்றாள். தெய்வபக்தி என்று நினைத்துக்கொண்டாள் ராமசெல்வி.

மழைக்காலம் முடிந்த ஒரு மத்தியானம். கதவைத் தட்டாமல் குடிசைக்குள் ஓர் ஆள் நுழைந்தான். தலையில் ஹெல்மெட், முகத்தில் கறுப்புக் கண்ணாடி மூடி. கன்னியம்மா கரண்டியை ஓங்கிவிட்டாள்.

"நாந்தான் தாயி..."

ஹெல்மெட் கழன்றது. "ஹெல்மெட் சட்டம் ஏழையின் தலைக்குப் பாரம்" என்று போன வருஷம் மறியல் செய்த அதே கிருஷ்ணப்பன். ஆனால் பாதி கிருஷ்ணப்பன். கன்னம் ஒட்டிப்போய், கழுத்துப் பட்டைக்குள் இன்னொரு கழுத்துக்கு இடம் இருந்தது. டயட்டில் இருக்கிறார் என்று ஊரில் பேச்சு.

"குந்து தலீவரே. இன்னா, அடுத்த பேனருக்கு போட்டோ வேணுமா?"

"எனக்கில்ல... நம்ம தோஸ்து ஒருத்தன். அவனுக்கு அந்த... ஒன் நோவு. மானஸ்தன். ஆஸ்பத்திரி பக்கம் போனா பேரு நாறிடும்ன்றான். நீ போடுற மாத்திரில ஒரு நாளு வுட்டு ஒரு நாளு அவனுக்கு குட்த்துட்டா..."

"தோஸ்து இப்ப இன்னா துன்றாரு?"

"லேகியம். மண்டலக் கணக்குல துன்னா வேரோட பூடும்னு ஒரு வைத்தியரு சொன்னாரு. குடலிறக்கம் ஆபரேசனுக்கு ரத்தம் எட்த்தப்போ தெரிஞ்சுது. அன்னிலேர்ந்து துன்னுகினுதான் கீறேன்... கீறான்."

சொல்லிவிட்டுக் கிருஷ்ணப்பன் மேலே பார்த்தார். கூரையிலிருந்து அவரே அவரைப் பார்த்துச் சிரித்தார், கன்னம் புடைக்க, கருணை வழிய. கீழே இருந்தவரின் உதடு கோணியது. ஏழைகளின் ஏணி குடிசையின் மண் தரையில் சரிந்து உட்கார்ந்து தேம்பி அழ ஆரம்பித்தது.

கன்னியம்மாவுக்கு உள்ளே பட்டாசு வெடித்தது. எந்தக் கனவிலும் இவ்வளவு ருசி இல்லை. தன் மாத்திரைகளைப் போட்டுவைக்கும் தகர டப்பாவைத் திறந்தாள். அதில் ஜுர மாத்திரையும் இருந்தது, அதுவும் வெள்ளைதான். நாலு உருவிக் கொடுத்தால் கும்பிட்டு வாங்கிப் போவார், நிம்மதியாகச் சாவார். அதுவும் வேண்டாம், இருக்கவே இருக்கிறது பேனர் கடை: "எய்ட்ஸ் நோயாளி கிருஷ்ணப்பனுக்கு இட்லி வழங்கும் கன்னியம்மாவே, வருக!" இந்தத் தடவை தபால்தலை மூலையில் யார் முகம் இருக்கும் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்துக்கொண்டே மேலே பார்த்தவளுக்கு வேறொன்று தோன்றியது. இந்த ஆள் செத்தால் என்ன ஆகும்? மாரடைப்பு என்பார்கள். தெருவுக்குத் தெரு கண்ணீர் அஞ்சலி பேனர் வைப்பார்கள், இதைவிடப் பெரிதாக. பட்டம் இன்னும் நாலு கூடும். அவள் இட்லி அப்போதும் மூடி போட்டபடியேதான் கிடக்கும். ஒரு நாள் கூடுதலாக இருந்து, அவள் பார்க்கப்போவது அந்தக் கூத்தையா?

டப்பாவை மூடினாள்.

"ஏந்திரு. நீ சாவக் கூடாது தலீவரே. நீ செத்தா சாமியாக்கிடுவானுங்கோ. நீ உயிரோட இருந்து எனக்கு பதில் சொல்லணும்."

"மாத்திரி குடேன் தாயி..."

"இது இன்னா புளிப்பு முட்டாயியா, ஆளுக்கு பாதி கட்ச்சிக்க? ஒரு நாளு வுட்டு ஒரு நாளு போட்டா ஒனக்கும் கேக்காது, எனக்கும் கேக்காது. ஒன் கிட்னி இன்னா நெலமைல கீதோ, அந்த லேகியம் உள்ள இன்னா கலீஜ் பண்ணி வெச்சிக்கீதோ, டாக்டரு பாக்காம ஒரு மாத்திரி தொடக் கூடாது. நட, கிளினிக்குக்கு."

"யாராண்டயும் சொல்லிட மாட்டியே?"

"நா இன்னா பேனரு கடையா வெச்சிக்கினு கீறேன்?"

கிளினிக்கில் சோதனை வேறு விதமாகக் காத்திருந்தது. வரிசையில் காத்திருக்கப் போட்டிருந்த பெஞ்சின் முதுகில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தது: "உபயம்: சமூகச் செம்மல் கிருஷ்ணப்பன்." அந்த டிசம்பரிலேயே போட்டோவுக்காகக் கொடுத்த பெஞ்சு. தன் பெயரை மறைக்க அதன்மேல் முதுகை ஒட்டவைத்து விறைப்பாக உட்கார்ந்திருந்தார், பள்ளிக்கூடத்தில் சட்டைக் கிழிசலை மறைக்கும் பையன்போல.

"நல்லா சாஞ்சிக்க தலீவரே, ஒன் பெஞ்சுதான்" என்றாள் கன்னியம்மா, காதோரமாக, வெல்லம்போல் இனிக்கும் குரலில்.

ராமசெல்வி எதையும் துருவவில்லை. இங்கே பேசுவது இந்தக் கதவைத் தாண்டாது என்றாள். லேகியம் தின்றதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லச் சொன்னாள். ரத்தம் எடுத்தார்கள், சளி பார்த்தார்கள், சிறுநீரகம் பார்த்தார்கள், வீட்டுக்காரம்மாவையும் பரிசோதனைக்கு அழைத்துவரச் சொன்னார்கள். எல்லாம் பார்த்து, தாங்கும் என்று தெரிந்தபிறகுதான் டாக்டர் அதே ஒற்றை மாத்திரையை எழுதினார். "நோயை வேரோடு பிடுங்காது, ஆனா அடக்கி வைக்கும். நீங்க நிறுத்தினா அது எழுந்திரிக்கும்" என்றார்.

அதற்குமேல் கன்னியம்மாவின் தண்டனை ஆரம்பமானது. படுக்கப்போகும் நேரத்தில் கிருஷ்ணப்பன் செல்போனுக்கு ஒரு மிஸ்டு கால் வரும். மாத்திரை போட்டதும் அவர் ஒரு மிஸ்டு கால் திருப்பித் தரவேண்டும். தராவிட்டால் மறுநாள் காலை கட்சி ஆபீஸ் வாசலில் நின்று, "தலீவரே, நேத்து கணக்கு?" என்பாள். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை பேச மாட்டாள். தலைவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிடும். ஒருநாள் தல சுத்துது, கனவு கண்டு அலறினேன், நிறுத்திடட்டுமா என்று கெஞ்சினார்.

"கனவுல இன்னா வந்துச்சு?"

"நீதான் வந்தே. கைல கிரைண்டரு."

"சொம்மா நிறுத்தாத. டாக்டராண்ட போய் சொல்லு. பழகிடும்" என்றாள். அன்றைக்கு அவளுக்குப் பரம திருப்தி.

நாலைந்து மாதத்தில் கிருஷ்ணப்பனின் கன்னம் பேனரை நோக்கித் திரும்பி வரத் தொடங்கியது. "ஒனக்கு இன்னா செய்யட்டும் தாயி? ஒரு பாராட்டு விழா வெச்சி..." என்று ஆரம்பித்தார்.

"விழாவா? ஒன் விழாவுல என் பொழப்பு பூட்ச்சு. ஒண்ணியும் வாணாம். நாளிக்கு காலீல, லாரி நிக்கிற நேரத்துல, வெள்ளச் சட்ட போட்டுக்கினு வந்து என் கடைல குந்தி துன்னு. மெர்சலாவாத, ஒன் கத எனக்கு மட்டுந்தான். நீ வர்லன்னாலும் வெளிய வராது. ஆனா ஒரு ஆளுக்கு வெக்கம்னு ஒண்ணு கீதா இல்லியான்னு பாக்கறேன்."

வந்தார். கஞ்சி போட்ட சட்டையோடு, நட்டநடுவில், கவிழ்த்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார். கன்னியம்மா தன் கையாலேயே நாலு இட்லியை எடுத்து வைத்து, வடகறியை ஊற்றினாள். தெரு நின்றது. எதிர்க்கடைக் கம்பத்துக்குப் பின்னாலிருந்து அம்புரோஸ் முழுசாக வெளியே வந்தான்.

"தலீவரே, நீங்க போயி அங்க... பயமா இல்லியா?"

கிருஷ்ணப்பன் பழக்கதோஷத்தில் எழுந்து தொண்டையைச் செருமினார். "என் உயிரினும் மேலான..."

"இட்லி ஆறுது தலீவரே" என்றாள் கன்னியம்மா.

செம்மல் உட்கார்ந்தார். மைக் இல்லாமல் பேசுவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"துன்னா வராதுடா அந்த நோவு. தொட்டா வராது, ஒரே தட்டுல கைய வெச்சாலும் வராது. தெனம் ஒரு மாத்திரி, டாக்டரு சொன்ன மாரி, ஒரு நாளும் வுடாம போட்டா அது பாட்டுக்கு அடங்கிக் கெடக்கும். ஒருத்தர் நோவ அவுங்க கேக்காம தெருவுல வெச்சேன் பாரு, நாந்தான்டா கலீஜ் பண்ணவன். கன்னியம்மாவ கேக்காம அந்தப் பேனர வெச்சது தப்பு."

யாரும் கைதட்டவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. குனிந்து இட்லியைப் பிட்டார்.

அம்புரோஸ் தலையைச் சொறிந்துகொண்டே வந்து வண்டியை ஒட்டி நின்றான். அவன் பின்னால் இரண்டு டிரைவர்கள். கன்னியம்மா குண்டான் மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. அவனுக்கும் நாலு இட்லி வைத்து, வடகறியைக் கொஞ்சம் கூடவே காரமாக ஊற்றினாள்.

"நோவ அடக்கறதுக்கு மாத்திரி வந்துட்ச்சு அம்புரோஸு, தெனம் ஒண்ணு போட்டா போதும். அடுத்தவன் நோவ ஊர் பூரா சொல்லிக்கினு திரியுற வாய அடக்கறதுக்குத்தான் எந்த டாக்டரும் இன்னும் கண்டுபுடிக்கல. அது வர்ற வரிக்கும், இந்தா, இத்த போட்டு அடைச்சிக்க."