எழுந்து போகாத எண்பத்தாறு பேர்

1923ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், ஜொகூர் பாருவில் சர்வே ஆபீஸ் தலைமைக் கிராணி கனகசுந்தரத்தின் வீட்டுப் பின்வளவில் நடந்த தேநீர் விருந்துக்கு இருபத்து நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட முழுசாக வீடு திரும்பவில்லை. கை குலுக்கினார்கள், குடையை எடுத்துக்கொண்டார்கள், ரிக்‌ஷா ஏறினார்கள், திங்கட்கிழமை ஆபீசுக்கும் போனார்கள். அதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஞாயிறு காலை பிரம்பு நாற்காலிகளை உள்ளே எடுக்கப் போன வேலைக்காரி ராசம்மா, முதல் நாற்காலியைத் தூக்கப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆள் உட்கார்ந்திருக்கும் கனம். இருபத்து நான்கும் அப்படியே இருந்தன. பிரம்புப் பின்னல் நடுவில் குழிந்திருந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு பாத அளவுக்குப் புல் படுத்துக் கிடந்தது. வீட்டு நாய் யார் காலிலும் இடிக்காமல் வளைந்து வளைந்து போனது.

ஜொகூரில் கோடைக்காலம் என்று ஒன்று கிடையாது. மழை பெய்கிற சனிக்கிழமை உண்டு, பெய்யாத சனிக்கிழமை உண்டு, அவ்வளவுதான். கனகசுந்தரம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. துரை வீட்டில் படித்துத் தள்ளிய லண்டன் மாதர் பத்திரிகைகள் அவர் கைக்கு வந்துகொண்டிருந்தன. வீட்டுத் தோட்டத்தில் கோடை விருந்து வைப்பது எப்படி என்று அவற்றில் படத்தோடு போட்டிருந்தார்கள். மனிதர் யாழ்ப்பாணத்திலிருந்து பதினெட்டு வயதில் கப்பலேறி வந்து, சின்னக் குமாஸ்தாவாகச் சேர்ந்து, படிப்படியாகத் தலைமைக் கிராணி ஆனவர். நாலு பேர் மெச்ச வாழவேண்டும் என்ற ஆசை அவருக்கு உடம்பெல்லாம் இருந்தது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கோடை என்று தானே வைத்துக்கொண்டார். கடலைப் பார்த்துச் சரிந்து கிடந்த பின்வளவில் வாழையை வெட்டிவிட்டுப் புல் பதித்தார். சீனர் கடையில் பிரம்பு நாற்காலியும் காகித விளக்கும் வாங்கினார். வெள்ளரிக்காய் சாண்ட்விச், கட்லட், ரிச் கேக், மேசைக்கு லேஸ் விரிப்பு, மூலையில் கிராமபோன் என்று எல்லாம் பத்திரிகையில் கண்டபடி அமைந்தது. பத்திரிகையில் காணாத ஒன்று மட்டும் வீட்டில் இருந்தது, வெற்றிலைத் தட்டம். அந்த வருஷப் பொங்கலன்று யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு ஒரு வெள்ளைக்கார சர்வேயருடைய மனைவியின் காலில் கிடந்த வெள்ளைச் சப்பாத்தில் தெறித்துவிட்டது. அன்றைக்கே தட்டம் பரணில் ஏறியது.

சங்கடம் அதில்தான் பிறந்தது. விருந்தாளிகள் கிளம்பும் நேரத்தில் வீட்டுக்காரி தட்டத்தை நீட்டவேண்டும், அவர்கள் ஒரு வெற்றிலையாவது எடுக்கவேண்டும், அப்புறம்தான் எழுந்துபோவது. கனகசுந்தரத்தின் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்தில் விருந்து முடிந்தது அப்படித்தான். தட்டம் வராததால் இந்த விருந்து முடியவில்லை. வந்தவர்களின் கால்கள் போய்விட்டன, இருப்பு போகவில்லை. ராசம்மாவுக்கு இது முதல் நாள் காலையிலேயே புரிந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் சீனி எங்கே, தேயிலை எங்கே என்பதற்குமேல் அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு எஜமானி ஞானேஸ்வரியிடம் தானாகவே சொன்னாள். ஞானேஸ்வரி கணவனிடம் சொன்னாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "வெத்திலையோ? இது கலியாண வீடில்லை, கார்டன் பார்ட்டி" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான். எந்த நேரம் பார்த்தாலும் ஆள் நிறைந்த தோட்டம் அந்தப் பட்டணத்தில் வேறு யாருக்கு இருந்தது?

வருஷங்கள் போயின. ஒருமுறை இருப்பை விட்டுப் போனவர்கள் மறுபடி வந்தபோது அவரவர் நாற்காலியில் தங்கள் மேலேயே உட்கார்ந்தார்கள். அதில் ஒன்றும் வில்லங்கம் இல்லை. புது ஆட்களுக்குத்தான் புது நாற்காலி வேண்டியிருந்தது. 1924இல் கடலுக்குக் குறுக்கே பாலம் போட்டதும் சிங்கப்பூரிலிருந்து மோட்டாரில் வரத் தொடங்கினார்கள். நாற்பது நாற்காலி ஐம்பதாயிற்று, ஐம்பது எழுபதாயிற்று. மூவார், பத்து பகாட் முதலிய ஊர்களுக்கு மாற்றலாகிப் போனவர்கள், சனிக்கிழமை நாலரை மணிக்குப் பிடரியில் வெயில் படுவதாகவும் கேக் வாசம் வருவதாகவும் எழுதினார்கள். பட்டணத்துக் கௌரவமானவர்கள் எல்லாரும் கொஞ்சம் இளைத்துப்போனார்கள், தையல்காரர் அவர்களுடைய கோட்டுகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்தார். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். டாக்டருடைய இருப்பும் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் மூன்றாவது நாற்காலியில் இருந்தது.

இதில் செத்துச் சுண்ணாம்பானது ஞானேஸ்வரிதான். விருந்தாளி இருக்கும்போது வீட்டுக்காரி உட்காரக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் அவள். விருந்தாளிகளோ எப்போதும் இருந்தார்கள். அடுக்களை ஜன்னலில் பார்த்தால் தெரிந்தார்கள், படுக்கையறை ஜன்னலில் பார்த்தாலும் தெரிந்தார்கள். படுத்துக்கொள்ளலாம், உட்காரத்தான் முடியாது. நின்றுகொண்டே சாப்பிட்டாள், நின்றுகொண்டே கடிதம் எழுதினாள். கணுக்கால் இரண்டும் வீங்கிப் போயின. விருந்து ஐந்து மாதம்தான் என்றாலும் நாலரை மணி தினமும் வந்தது. தேநீர் போகாவிட்டால் நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிறீச்சிடும், பக்கத்து வீட்டுக் குழந்தை அழத் தொடங்கிவிடும். ஆகவே ராசம்மா கோப்பைகளை அடுக்க, இவள் தேநீர்க் கெண்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். அந்தியில் எடுக்கப் போனால் ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு விரலளவு குறைந்திருக்கும். அவள் யாரையும் வெறுக்கவில்லை. கடலைப் பார்த்தபடி தன் புல்வெளியில் ஒரு பொழுது சும்மா உட்காரவேண்டும், யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையும் மிச்சம் இருக்கவில்லை. அதை ஒருநாள் கணவனிடம் சொல்லவும் செய்தாள். அடுத்த கோடைக்குப் பார்க்கலாம் என்றார்.

1930இல் ரப்பர் விலை விழுந்தது. ஆபீஸ்களில் ஆள் குறைத்தார்கள், பாதிப்பேர் யாழ்ப்பாணத்துக்கே திரும்பினார்கள். கேக்கில் முந்திரி குறைந்ததே ஒழிய விருந்து நிற்கவில்லை. கனகசுந்தரமும் விருந்தில் உட்காருகிறவர் அல்ல. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் விசாரித்தபடி நடந்துகொண்டே இருப்பார். 1931 ஆகஸ்டில் நடந்த கடைசி விருந்தில்தான் நெஞ்சைத் தடவிக்கொண்டு, சரிவின் ஓரத்தில் கிடந்த ஒரு புது நாற்காலியில் உட்கார்ந்தார். "கொஞ்ச நேரம் இருக்கிறன்" என்று மனைவியிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே எடை பார்த்து நூற்று நாற்பத்தொரு ராத்தல் என்று எழுதினார்கள். செவ்வாய்க்கிழமை போய்விட்டார். அந்தச் சனிக்கிழமை உட்கார்ந்த இருப்பு மட்டும் சரிவின் ஓரத்திலேயே இருந்தது. அதோடு எண்பத்தாறு விருந்தாளிகளும் ஒரு வீட்டுக்காரருமாயிற்று.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு கடிதம் வந்தது. வீடு அரசாங்கத்துடையது, புதிய தலைமைக் கிராணி குடும்பத்தோடு வருகிறார், மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். செரம்பானிலிருந்து தம்பி சிவசம்பு, அக்கா உடனே வந்துவிடட்டும் என்று எழுதியிருந்தான். ஞானேஸ்வரி பெட்டி கட்டிவிட்டுப் பின்வளவைப் பார்த்தாள். இவர்களை இப்படியே விட்டுப் போனால் வரப்போகிற பெண்ணும் நின்றே சாகவேண்டும். பரணிலிருந்து தட்டத்தை இறக்கச் சொன்னாள். அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. தாலி இழந்தவள் தாம்பூலம் கொடுப்பது ஆகாது என்பது ஊர் வழக்கம். அதனால் சனிக்கிழமை நாலரை மணிக்கு, புருஷன் உயிரோடு இருக்கிற ராசம்மா தட்டத்தை ஏந்திப் போனாள். ஒரு நாற்காலியும் அசையவில்லை. வேலைக்காரி கொடுக்கிற விடையை யார் எடுப்பார்கள்? கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "நீங்கதாம்மா குடுக்கணும்" என்றாள்.

ஞானேஸ்வரி வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டத்தை வாங்கினாள். நேரே சுகாதார இன்ஸ்பெக்டரின் மனைவியுடைய நாற்காலிக்குப் போனாள். ஆசாரத்தில் அந்த அம்மாளை மிஞ்ச ஜொகூரிலேயே ஆள் கிடையாது, அவள் எடுத்தால் மற்றவர்களும் எடுப்பார்கள் என்ற கணக்கு. தட்டத்தை நீட்டிக் குனிந்து நின்றாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேலே இருந்த வெற்றிலை ஒன்று காணாமல் போயிற்று. பிரம்பு நிமிர்ந்தது, புல் எழுந்தது. அதன்பிறகு வரிசையாகத்தான். டாக்டர் பாக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார். பேச்சு முடியாத இரண்டு பேர் கடைசிவரை தாமதித்தார்கள். அன்று மாலை ஊரூராகக் கௌரவமான மனிதர்கள் திடீரென்று கனத்தார்கள். மூவார் கிளப்பில் ஒரு சாய்வு நாற்காலி கிழிந்தது. யாழ்ப்பாணத்தில் மாட்டுவண்டி ஒன்று குடைசாய்ந்தது. ஜொகூர் பாரு ஸ்டேஷனில் பார்சல் கிளார்க் ஜெயபாலனின் முக்காலி கால் ஒடிந்தது. அவரும் 1927இல் ஒரேயொரு முறை வந்து கட்லட் சாப்பிட்டவர்.

சரிவின் ஓரத்து நாற்காலி மட்டும் பாக்கி. தட்டத்தில் கொஞ்சம் வெற்றிலை மிச்சம் இருந்தது. ஞானேஸ்வரி அவர் முன்னால் போய் நின்றாள். இந்த மனிதருடைய கோடைக்காகத்தானே இத்தனை நாள் நின்றோம் என்று நினைத்தாள், கோபம் வந்தது, கோபத்தோடு அழுகையும் வந்தது. நாற்காலியின் முன்னால் படுத்துக் கிடந்த புல்லில் இடது பாதம் மட்டும் வழக்கம்போல் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது.

ராசம்மா பின்னாலிருந்து, "ஐயாவுக்கும் குடுத்திருங்கம்மா. எல்லாரும் போயிட்டாங்க" என்றாள்.

"இத்தனை வருஷத்திலை இவர் ஓரிடத்திலை இருந்ததே அந்த ஒரு நாள்தான் ராசம்மா. இருக்கட்டும்."

ஒரு வெற்றிலையை மடித்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். மீதியைத் தட்டத்தோடு ராசம்மாவிடம் நீட்டினாள். ராசம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினாள். அவளுக்கும் அந்த வீட்டில் யாரும் விடை கொடுத்ததில்லை. மறுநாள் விடிந்ததும் ஆறு நாற்காலிகளை மாட்டுவண்டியில் கட்டிக்கொண்டு, புருஷனோடு சிம்பாங் ரெங்கத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் போனாள். ஆறும் பஞ்சுபோல் லேசாக இருந்தன. மிச்சத்தைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஞானேஸ்வரி ஸ்டேஷனுக்கு வந்தாள். ஒரு பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், ஒரு நாற்காலி. நாற்காலியை வண்டியிலிருந்து இறக்கப் போன கூலியாள் இன்னொருவரைக் கூப்பிட்டான். இரண்டு பேருமாகச் சுமந்து வந்து தராசில் வைத்தார்கள். நூற்றைம்பது ராத்தல் காட்டியது. ஜெயபாலன் எழுதப்போன பேனாவை நிறுத்தினார். இந்த மாதிரி நாற்காலி ஒன்பது ராத்தலுக்குமேல் இருக்காது என்பது அவருக்குத் தெரியும். புது முக்காலியில் இருந்து எழுந்து நின்றார்.

"அக்கா, இதைப் பார்சலிலை போட ஏலாது. ஆளுக்கு டிக்கெட் எடுக்கோணும்."

"என்ன கிளாஸ்?"

"ஐயா என்ன கிளாசிலை போறவர்?"

"செகண்ட்."

"அப்ப செகண்ட்தான்" என்று சொல்லி இரண்டு டிக்கெட் கொண்டுவரச் செய்தார். தராசிலிருந்து நாற்காலியைத் தானும் ஒரு கை பிடித்து இறக்கினார்.

இரண்டாம் வகுப்பில் ஜன்னலோரமாக நாற்காலியை வைத்தார்கள். வண்டி நகர்ந்தது. ஞானேஸ்வரி கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பழக்கதோஷம். பெட்டியில் வேறு யாரும் இல்லை. கவனிக்கவேண்டியவர் யாரும் இல்லை என்பது புத்திக்கு எட்ட ஒரு மைல் ஆயிற்று. பிறகு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கிய கால்களை எதிர் பெஞ்சின்மேல் நீட்டிக்கொண்டாள். வெளியே ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பரிசோதகர் வந்து இரண்டு டிக்கெட்டிலும் துளை போட்டு, நாற்காலி பாதையை மறிக்காமல் கொஞ்சம் தள்ளி வைக்கும்படி கேட்டுக்கொண்டு போனார். குளுவாங் ஸ்டேஷனில் தேநீர்க்காரன் ஜன்னலுக்கு வந்தான். ஞானேஸ்வரி ஒரு கோப்பை வாங்கி, காலை நீட்டியபடியே குடித்தாள். அவருக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை.