மேட்டு இலை

முதுகுக் கூடையை இறக்காமலே அண்ணி மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கூடவே இலை பறிக்கிற நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தோட்டத்துக்கே அவள் அண்ணி ஆகிவிட்டாள். வலி இடுப்பிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கியது. நாத்தனார் ஓடிவந்து புட்டியை நீட்டினாள். இரண்டு மிடறுதான் மிச்சம். மணி பத்துகூட ஆகவில்லை.

"கிட்னில கல்லுன்னு டாக்டர் தினமும் மூணு லிட்டர் தண்ணி குடிக்கச் சொன்னாரு. இங்க தண்ணிக்கு எங்க போறது?"

"கீழ்த்தோட்டத்துல இருந்தவரைக்கும் உனக்குக் கல்லும் இல்ல, மண்ணும் இல்ல அண்ணி."

கீழ்த்தோட்டத்தில் வாய்க்கால் ஓடியது, குழாயும் இருந்தது. போன வருஷம் மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் இரண்டு இடத்து இலையையும் சோதித்தார்கள். மரம் ஒரே ஜாதிதான். ஆனால் ஈரத்தில் வளர்ந்த இலையில் மருந்துச் சத்து பாதிகூட இல்லை. சரளை மண்ணில் காய்ந்து நின்ற மேட்டு மரங்களில்தான் அது ஏறியிருந்தது. இலை பறிக்கிற முப்பது பேரையும் மேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாத்தனார் அண்ணியைக் கைத்தாங்கலாக எடைக் கொட்டகைக்கு நடத்திப் போனாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். அங்கிருந்த மேலாளரிடம் நாத்தனார்தான் கேட்டாள்.

"மேட்டுக்கு ஒரு குழாய் இழுத்துக் குடுங்க சார்."

மேலாளர் ஓர் இலையைக் கிள்ளி மோந்தார். "குழாய்னா கசியும்மா. ஈரம் வேருக்குப் போச்சுன்னா இலை சப்புன்னு ஆயிடும். மரம் தவிச்சாத்தான் சத்து."

"தவிக்க வேண்டியது மரம்தானே சார்? நாங்க எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "போங்க, வேலையப் பாருங்க."

யாரும் போகவில்லை. கூடைகளை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்கள். பறித்த இலை மதியத்துக்குள் உலர்த்தும் அறைக்குப் போகாவிட்டால் கறுத்துவிடும். மேலாளர் போனைக் காதில் வைத்தபடி கொட்டகைக்குள்ளும் வெளியிலுமாக நடந்தார். கூடைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பதினொன்றரைக்கு வந்து நின்றார்.

"நாளையிலேர்ந்து மேல ஒரு டிரம் தண்ணி வரும். எந்திரிங்க."

மறுநாள் டிரம் வந்தது. கூடவே ஒரு காவல்காரரும் வந்தார்.

அண்ணி நின்று நிதானமாக மூன்று குவளை குடித்தாள். நான்காவதில் வேர்வை எரிந்த முகத்தைக் கழுவக் குனிந்தபோது, காவல்காரர் ஓடிவந்து அவள் முகத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பேசினைப் பிடித்தார்.

"தப்பா நினைக்காதம்மா. ஒரு சொட்டு மண்ணுல விழக்கூடாதுன்னு உத்தரவு."

முகவாயில் தொங்கிய கடைசிச் சொட்டும் விழும்வரை அவர் பேசினை எடுக்கவில்லை. அதுவரை அவளும் குனிந்தே நின்றாள்.