பாக்கி நின்ற மூன்றாவது ஆட்டம்

ஒருரோ நகரத்துச் சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் எர்மினியாவுக்கு இடுப்புவலி வந்து நான்கு வருஷம் ஆகிறது. சுரங்கத்து மாதாவுக்கு மூன்று வருஷத் திருவிழா ஊர்வலங்களில் ஆடுவதாக நேர்ந்துகொண்டவள் அவள். இரண்டை ஆடி முடித்து, மூன்றாவதற்கான ஒத்திகையில் வழுக்கி விழுந்தாள். அடிபட்ட இடம் மூன்று மாதத்தில் ஆறிவிட்டதாகப் படம் எடுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். வலியோ வீட்டைக் காலி செய்வதாக இல்லை.

நேர்த்திக்கடனைப் பாதியில் விட்டவளுக்கு மாதா கொடுத்த தண்டனை என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். எர்மினியாவும் அதை நம்பித் தொலைத்தாள். தூங்கும்போதுகூட இடுப்புப் பட்டையை அவிழ்ப்பதில்லை. கணவன் பவுஸ்தோ அவளை ஒரு கூடையைத் தொடவிடமாட்டான்.

இந்த வருஷம் பிசியோதெரபி பார்க்க வந்த ஹிமேனாதான் முதன்முதலில் வேறு மாதிரி பேசினாள். காயம் ஆறியும் நரம்புகள் பழைய பயத்திலேயே காவல் காக்கின்றன, பட்டையை இறுக்க இறுக்க ஆபத்து இன்னும் இருப்பதாகவே அவை நினைக்கின்றன என்றாள். எர்மினியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அப்ப நாலு வருஷமா நடிக்கிறேங்கிறீங்களா டாக்டரம்மா?"

"வலி நெசம்தாங்க. திருடன் ஒரு தடவ வந்துட்டுப் போன வீட்டு நாய், அப்புறம் காத்தடிச்சாலும் குரைக்கும்ல? குரைக்கிறது நெசம். திருடன்தான் இல்ல."

அன்றிலிருந்து ஹிமேனா சொன்னபடி பட்டை இல்லாமல் தினமும் ஐந்து நிமிஷம் ஆட்டம். வலித்தாலும் ஐந்து, வலிக்காவிட்டாலும் ஐந்து. வாரம் போகப் போகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஒருநாள் வலி குறைந்த மிதப்பில் ஒத்திகை முழுவதையும் ஆடிவிட்டு, மூன்று நாள் படுக்கையில் கிடந்தாள். போதும், விட்டுவிடு என்று பவுஸ்தோ கெஞ்சினான். நான்காம் நாள் மறுபடி ஐந்து நிமிஷத்திலிருந்து ஆரம்பித்தாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச அந்தச் சந்தையில் ஆள் இல்லை.

திருவிழாவன்று பவுஸ்தோ பட்டையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு தெருவோரமாகக் கூடவே நடந்தான். நாலு கிலோமீட்டர் ஆட்ட ஊர்வலம். பாதி வழியில் எர்மினியாவின் இடுப்பு தீயாய் எரிந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவன் பட்டையை வெளியே எடுத்தான். அவளுக்குப் பயம்தான்.

"குரைக்குது. குரைக்கட்டும். நீ அத உள்ள வை" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கிலுகிலுப்பையைச் சுழற்றியபடி வரிசையோடு முன்னேறினாள்.

கோவில் வாசலில் எல்லோரையும் போல மண்டியிட்டு, முழங்காலாலேயே மாதாவின் முன்னால் போய்ச் சேர்ந்தாள். தண்டிக்கிற முகமாக அது தெரியவில்லை. வாய்விட்டு அழுதாள்.

வெளியே வந்தவளிடம், வலி போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டாயா என்று பவுஸ்தோ கேட்டான்.

"அதக் கேக்க மறந்தே போச்சு. இன்னும் மூணு வருஷம் ஆடுறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."